இந்த மழைக்குத் திரிச்ச கயிறுகளும், மாட்டு மூக்குக்கு ஆகாத நைலானும்



இந்த வருசம் ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் எங்க பக்கம் மழை பரவாயில்லை. காட்டுல சோளமும் கொள்ளும் முளைச்சு நிக்குது. மழை விழுகிற நாள்ல வெளியில வேலை ஒண்ணும் ஓடாது. திண்ணையில உக்காந்து கயிறு திரிக்கிறது, கட்டில் பின்னுறது, இதுதான் எனக்குப் பொழுது. டிவி பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இந்த ரெண்டு மாசத்துல கையால செஞ்சு முடிச்சது இவ்வளவு: ஒரு கயித்துக் கட்டில், ஆறு மூக்கணாங்கயிறு, ரெண்டு பிடிகயிறு, மாட்டுக்கு ரெண்டு வாய்க்கூடு, பால் சட்டி தொங்க விட ஒரு உறி. இதோட எங்க வீட்டுக்காரம்மா பின்னுன ரெண்டு வயர் கூடையும் சேர்த்தி. எது எதுக்கு எந்த நார் நல்லதுன்னு எனக்குத் தெரிஞ்சதை எழுதலாம்னு உக்காந்தேன். எழுத எழுத மனசுல ரொம்ப நாளா இருக்கிற ஒரு விசயமும் சேர்ந்து வந்துருச்சு. அதையும் சொல்லிடறேன்.

முதல்ல கட்டில். எங்கப்பா காலத்து வேப்பமரச் சட்டம், ஆறடிக்கு மூணடி. இடையில பதினஞ்சு வருசம் பிளாஸ்டிக் நாடா போட்டு வச்சிருந்தோம். நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிப் போச்சு, வெயில் காலத்துல படுத்தா முதுகெல்லாம் வேர்த்து ஒட்டும். அதை அறுத்துப் போட்டுட்டு பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வந்த மெல்லிசு மஞ்சிக் கயிறு வாங்கிப் பின்னினேன். சாயங்காலம் சாயங்காலமா நாலு நாள் ஆச்சு. கால்மாட்டுப் பக்கம் ஒரு முழம் விட்டு இழுப்புக் கயிறு போட்டிருக்கேன். கட்டில் தொய்யத் தொய்ய அதை இழுத்துக் கட்டுனா மறுபடி விறைப்பா நிக்கும். பிளாஸ்டிக் நாடாவுல இந்த வசதி கிடையாது. தொங்குனா தொங்குனதுதான்.

மஞ்சின்னா தேங்காய் மட்டை நாருங்க. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். அதுல மரச்சத்து அதிகம், அதனால தண்ணியில கிடந்தாலும் சீக்கிரம் மக்காது. கேரளாவுல பச்சை மட்டையைக் காயல் தண்ணியில மாசக்கணக்கா ஊறப் போட்டு எடுக்கிற நாரு வெளுப்பா, கொஞ்சம் மெதுவா இருக்கும். நம்ம பக்கம் காஞ்ச மட்டையை மில்லுல அடிச்சு எடுக்கிறது. சிவப்பா, முரடா இருக்கும். கட்டிலுக்கு, பந்தலுக்கு, வேலி கட்டுறதுக்கு அது போதும். கட்டில் மேல ஒரு சமுக்காளம் விரிக்காமப் படுத்தா மட்டும் முதுகுல வரி வரியா விழுந்துரும்.

எனக்குப் புடிச்ச நாரு எதுன்னு கேட்டா கத்தாழை நாருன்னுதான் சொல்லுவேன். சோத்துக் கத்தாழை இல்லைங்க, வேலியில நிக்குமே பெரிய முள்ளு கத்தாழை, அது. ரயில் பாதை ஓரமெல்லாம் நட்டதால ரயில் கத்தாழைன்னும் சொல்லுவாங்க. மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்த செடி. அந்த மடலை வெட்டி, தண்ணியில ஊறப் போட்டு, கட்டையில அடிச்சு, சதையை வழிச்சு எடுத்தா உள்ள பட்டு மாதிரி வெள்ளை நாரு வரும். அந்தச் சாறு மேல பட்டா அரிப்பு எடுக்கும், அதனால கையில எண்ணெய் தடவிட்டுத்தான் உக்காருவோம். காஞ்ச பிறகு அந்த நாருக்கு இருக்கிற பளபளப்பு வேற எதுலயும் பார்த்ததில்லை. உறியும் வாய்க்கூடும் அதுலதான் பின்னணும். முடிச்சு வழுக்காம நிக்கும்.

அந்தக் கத்தாழை எங்க காட்டுல தெக்குப் பக்கம் வேலி பூராவும் நின்னுச்சு. நாலு வருசத்துக்கு முன்னால ஜேசிபி வச்சு அத்தனையும் நானே எடுத்துட்டுக் கம்பி வேலி போட்டேன். பாம்பு அடையுது, இடம் அடைக்குதுன்னு சொன்னாங்க. எனக்கும் அப்ப சரின்னுதான் பட்டுச்சு. இப்ப ஒரு வாய்க்கூட்டுக்கு நாரு வேணும்னா பக்கத்து ஊரு ஓடைக்கரைக்கு வண்டி எடுத்துட்டுப் போறேன். இந்த வருசம் அங்க பூத்து முடிச்ச செடியோட தண்டுல இருந்து உதிர்ந்த குட்டிக் கன்னு முப்பது பொறுக்கியாந்து வேலி ஓரம் வச்சிருக்கேன். மடல் வெட்டுற பதத்துக்கு வர மூணு நாலு வருசம் ஆகும். அரை நாள்ல புடுங்குனதுக்கு இத்தனை வருசம் காத்துக் கிடக்கணும்.

புளிச்சநாரும் நல்ல நாருதான். அப்பா காலத்துல காட்டு ஓரமா ரெண்டு சால் புளிச்சை விதைச்சு விடுவாங்க. தண்டை வெட்டிக் குட்டையில ரெண்டு வாரம் போட்டு வச்சா பட்டை தனியா உரிஞ்சு வரும். சணப்பையும் அப்படித்தான். இப்ப சணப்பைப் பூ வந்ததும் மடக்கி உழுதுடறோம், பசுந்தாள் உரத்துக்கு. நிலத்துக்கு அது நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு மூலையில நாலு பாத்தி மட்டும் முத்த விட்டா வீட்டுக்கு வேண்டிய கயிறு கிடைச்சுரும். அந்த நினைப்பே நமக்கு விட்டுப் போச்சு.

இனி சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன். மூக்கணாங்கயிறு.

மூணு வருசத்துக்கு முன்னால மாட்டுப்பொங்கலுக்கு எல்லா மாட்டுக்கும் புதுக் கயிறு வாங்கினேன். வழக்கமா அப்பாவும் நானும் மார்கழியில திரிச்சு வச்சிருவோம். அப்பா போனப்பறம் எனக்கு அந்த வேலையில மனசு ஓடலை. கடையில பச்சை, ரோஸ், மஞ்சள்னு நைலான் கயிறு தொங்குச்சு. விலையும் மலிவு. மாடு கன்னெல்லாம் சேர்த்து ஆறு உருப்படி. எல்லாத்துக்கும் அதையே வாங்கிப் பூட்டிட்டேன். பார்க்கவும் அழகா இருந்துச்சு. பேரன் கூட மாட்டுக்கு ரிப்பன் கட்டியிருக்குன்னு சொல்லிச் சிரிச்சான்.

சித்திரையில கோடை உழவு ஓட்டுறப்ப, சால் திரும்புற இடத்துல ஒரு மயில் படபடன்னு எந்திரிச்சுப் பறந்துச்சு. செவலைக்காளை வெறிச்சுக்கிட்டுத் தலையை ஒதறுச்சு. நான் பிடிகயித்தை விடாம இழுத்துப் பிடிச்சுட்டேன். பருத்திக் கயிறா இருந்தா மூக்குத் தண்டுல மெத்துன்னு அழுந்தும். நைலான் அப்படி இல்லை. நாலு மாசம் வெயில்ல காஞ்சு அதோட பிசிறெல்லாம் ஊசி மாதிரி விறைச்சு நின்னுச்சு. அது ஏற்கனவே உள்ள அறுத்து அறுத்துப் புண்ணாக்கி வச்சிருக்கு, நான் கவனிக்கலை. அன்னைக்கு இழுத்த இழுப்புல மூக்கு கிழிஞ்சு ரத்தம் கொட்டிருச்சு.

ஈ மொய்ச்சு மூணாவது நாளே புழு வச்சிருச்சு. கால்நடை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சோம். டாக்டர் புழு எடுத்து மருந்து வச்சு ஊசி போட்டார். வீட்டுல வேப்பெண்ணெயும் மஞ்சளும் விடாமப் போட்டோம். ஆறுறதுக்கு இருபத்தஞ்சு நாள் ஆச்சு. அந்த உழவுக்கு டிராக்டர் வாடகை மணிக்கு 1200 ரூபாய் கொடுத்து ஓட்டினேன். கயித்துல மிச்சம் பிடிச்ச காசு எவ்வளவுன்னு நினைக்கறீங்க? உருப்படிக்கு இருபது ரூபாய் இருக்கும்.

காசு போனதைப் பத்திக் கூட எனக்கு இல்லைங்க. அந்தச் செவலை கன்னுல இருந்து என் கையில தவிடு தின்னு வளர்ந்தது. இப்பவும் மொகத்துக்கு நேரா கை கொண்டு போனா கண்ணை மூடிட்டுத் தலையைப் பின்னால இழுத்துக்குது. மூணு வருசம் ஆச்சு, இன்னும் மறக்கலை.

நான் கயிறு திரிக்க மறுபடி உக்காந்தது அதுக்கப்பறம்தான். ஆனா அடிக்கடி அறுந்துச்சு, இல்லைன்னா முறுக்கு நிக்காமப் பிரிஞ்சுச்சு. அப்பா பண்றப்பக் கூட இருந்து நாரு எடுத்துக் குடுத்திருக்கேனே தவிர, முறுக்குற வேலையை அவரே பார்த்துட்டார். எங்க வளவுல பெரியப்பா முறை ஒருத்தர் இருக்கார். எண்பதைத் தாண்டிட்டார், கண்ணு சரியாத் தெரியாது. அவருகிட்டக் கொண்டு போய்க் காட்டினேன். கயித்தை வாங்கித் தடவிப் பார்த்துட்டு, தன்னோட கன்னத்துல வச்சுத் தேச்சார்.

"நீயும் தேச்சுப் பாரு கண்ணு. உன் கன்னத்துல உறுத்துச்சுன்னா அது மூக்குல உறுத்தாமயா இருக்கும்?" அப்படின்னார்.

நான் தேச்சுப் பார்த்தேன். உறுத்துச்சு. "ஆமாங்க பெரியப்பா"ன்னேன்.

"அப்பறம் அதையப் போய் மாட்டுக்குப் போடறேங்கறயே"ன்னு சொல்லிட்டு, கயித்தைப் பூராவும் பிரிச்சு விட்டுட்டு முதல்ல இருந்து சொல்லிக் குடுத்தார்.

அவர் சொன்னதை இங்க எழுதி வச்சர்றேன், யாருக்காவது உதவும். பருத்தி நூலை சன்னமா இழுத்து மூணு புரியாப் பிரிச்சுக்கணும். ஒரு ஆணியிலயோ மரக்கொக்கியிலயோ மாட்டிக்கிட்டு ஒவ்வொரு புரியையும் தனித்தனியா வலப்பக்கமா முறுக்கணும். விட்டா சுருண்டு மேல ஏறுற அளவுக்கு முறுக்கு ஏறணும். அப்பறம் மூணையும் ஒண்ணாச் சேர்த்து இடப்பக்கமா முறுக்கணும். புரி பிரியப் பார்க்கிறப்ப அதுவே கயித்தை இறுக்கும், கயிறு பிரியப் பார்க்கிறப்ப புரி இறுகும். ரெண்டும் ஒரே பக்கம் முறுக்குனா கையை விட்டதும் எல்லாம் அவுந்துரும். நான் பண்ணுன தப்பு அதுதான். மூக்கணாங்கயிறு சுண்டுவிரல் மொத்தம் இருந்தாப் போதும். மூக்குக்குள்ள போற இடத்துல முடிச்சு வரக்கூடாது. முடிச்சு கொம்புக்குப் பின்னால, பிடரி மேல இருக்கணும்.

பருத்தி நூலுக்கு நமக்குப் பஞ்சம் இல்லை. திருப்பூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு பனியன் வேஸ்ட் துணியும் கிலோக்கணக்குல கிடைக்கும். அதைக் கீத்துக் கீத்தா வெட்டித் திரிச்சா கன்னுக்குட்டிக்குக் கழுத்துக் கயிறு பஞ்சு மாதிரி வரும். ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. இப்ப வர்ற துணியில பாதி பாலியஸ்டர் கலப்பு. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காயிதம் மாதிரி எரிஞ்சு சாம்பல் ஆயிரும். பாலியஸ்டர்னா உருகிக் கருப்பா உருண்டை பிடிக்கும்.

எங்க பையன் கேட்டான், "ஏனுங்கப்பா, ஒரு கயித்துக்கு ஒண்ணரை மணி நேரம் உக்காந்திருக்கீங்க. உங்க கூலியைப் போட்டா அந்தக் கயிறு எத்தனை ரூபாய்ங்க ஆகும்?" நியாயமான கேள்விதான். கூலி போட்டாக் கட்டாது. விக்கிறதுக்குத் திரிச்சா நான் பட்டினிதான் கிடக்கணும். ஆனா மழை நாள்ல சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்கு எனக்கு யாரும் கூலி குடுக்கிறதில்லை. இந்தக் கணக்கை ஆறு மாசத்துக்கு ஒருக்கா, நம்ம மாட்டுக்கு மட்டும் போட்டுப் பார்த்தா நட்டம் ஒண்ணும் இல்லை.

பருத்திக் கயித்துல குறை இல்லாம இல்லை, அதையும் சொல்லணும். சளியும் வேர்வையும் குடிச்சுக் குடிச்சு விறைச்சுப் போகும். அப்பப்ப அவுத்துத் துவைச்சுக் காய வைக்கணும். ஆறு மாசம் தாண்டுனா மாத்திரணும். மாத்தாம அழுக்குக் கயித்தோட விட்டீங்கன்னா அதுவும் புண்ணு ஆக்கும். நைலான் ரெண்டு மூணு வருசம் வரும், கழட்டவே வேண்டியதில்லைன்னு கடையில சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் கெடுதலே அதுலதான் இருக்கு. கழட்ட வேண்டியதில்லைன்னா மூக்கைப் பார்க்கவும் வேண்டியதில்லைன்னு ஆயிருது. பருத்திக் கயித்தைக் கழட்டித் துவைக்கிற சாக்குல மூக்குல புண்ணு இருக்கான்னு ஒரு கண்ணு பார்த்துருவோம்.

இதையெல்லாம் சொன்னதும் பிளாஸ்டிக்கே ஆகாது, பழசுதான் உசத்தின்னு நான் பேசறதா நினைச்சுக்காதீங்க. கிணத்துல மோட்டார் இறக்குறதுக்கு நான் நைலான் கயிறுதான் வச்சிருக்கேன். தண்ணியில மக்காது, பாரம் தாங்கும். எங்க வீட்டுக்காரம்மா பின்னுற வயர் கூடையும் பிளாஸ்டிக்தானே? ஒண்ணு சிவன் கண், ஒண்ணு நெல்லிக்காய் முடிச்சு. பச்சையும் வெள்ளையும் கலந்து இந்த மாசம் முடிச்சாங்க. கல்யாணம் ஆன புதுசுல பின்னுன கூடை இன்னும் சந்தைக்குப் போயிட்டு வருது, பிடி மட்டும் ஒருக்கா மாத்தியிருக்கு. 2019 சனவரியில கவர்மெண்டு கேரி பேக்கைத் தடை பண்ணுனப்ப எங்க வீட்டுல ஒரு மாத்தமும் தெரியலை. இருபது வருசம் உழைக்கிற பிளாஸ்டிக்கை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்குங்கிறேன். பாரம் இழுக்கிறதுக்கு நைலான். மழையில நனையறதுக்கு மஞ்சி. பின்னி முடிச்சுப் போடறதுக்குக் கத்தாழை. உசுரு மேல, தோல் மேல படுறதுக்குப் பருத்தி. இடம் மாத்திப் போட்டா எதுவும் கெடுதல்தான். மஞ்சிக் கயித்தை மூக்குல போட்டாலும் அது அறுக்கத்தான் செய்யும். அப்படிப் போடற ஆளுகளும் இருக்காங்க. இன்னொண்ணு, வெயில்ல நைஞ்ச நைலான் துண்டு துண்டாக் கட்டுத்தரையில உதிரும். மாடு தட்டோட சேர்த்து அதையும் முழுங்கிரும். அது செரிக்காது, சாணியிலயும் முழுசா வராது, வயித்துலயே சேரும். பழைய நைலான் கயித்தை வெட்டி எறியறப்ப மாடு மேயாத இடமாப் பார்த்துப் போடுங்க.

கயித்தோட நீளத்தையும் கவனிக்கணும். சாணி மிதிக்காம இருக்கணும்னு ஒரு முழக் கயித்துல கட்டி வச்சா மாடு படுத்து அசை போட முடியாது. 1960ல வந்த பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துலயே, ரொம்பக் குட்டையான கயித்துல, இல்லைன்னா ரொம்பக் கனமான கயித்துல நெடுநேரம் கட்டி வைக்கிறது குத்தம்னு எழுதியிருக்கு. சட்டம் இல்லாட்டியும் நாம அதை யோசிக்கணும்.

பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. அந்தப் பத்து நாளும் கடைகள்ல கலர் கலராக் கயிறு தொங்கும். கழுத்துக்குச் சலங்கை கட்டுங்க, கொம்புக்கு வண்ணம் அடிங்க, அழகுக்கு நைலானைக் கழுத்துல ஒரு நாள் போட்டுட்டு மறுநாள் கழட்டிருங்க. மூக்குக்கு மட்டும் வேண்டாம்ங்க. கடையில வாங்குறதா இருந்தாலும் பருத்திக் கயிறாக் கேட்டு வாங்குங்க. வாங்குறதுக்கு முன்னால பெரியப்பா சொன்ன மாதிரி கன்னத்துல ஒருக்கா தேச்சுப் பாருங்க. கடைக்காரர் சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறார்.

ஆறு மூக்கணாங்கயிறு முடிச்சேன்னு சொன்னேனே, அதுல எங்க வீட்டுக்கு மூணு போதும். செவலைக்கு ஒண்ணு, அதோட ஜோடிக்கு ஒண்ணு, தையில மூக்குக் குத்தப் போற கிடாரிக்கு ஒண்ணு. மிச்சம் மூணு எங்க வளவுல வச்சிருக்கிறவங்களுக்கு. வாய்க்கூடு முடிச்சு போடத் தெரிஞ்சவங்க எங்க ஊருல இப்பப் பெரியப்பாவும் நானும்தான். அதுவும் எனக்குப் பாதிதான் வருது, அடிப்பக்கம் கூட்டி முடிக்கிறப்ப இன்னும் அவருகிட்டத்தான் ஓடறேன். மார்கழி பூராவும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அவர் வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்போம். பக்கத்து ஊருக்காரங்க யாராவது கத்துக்கணும்னா வாங்க. வர்றப்ப அரைக்கிலோ பருத்தி நூலை மட்டும் கையில கொண்டாந்துருங்க. காப்பித்தண்ணி நாங்க குடுக்கறோம்.